கில்ட்டும் என் தொந்தியும்

போன மாசம் எடின்பரோவுல ஒரு நண்பர் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர்ங்கறதால நானும் என் பழைய கில்ட்டை மாட்டிக்கிட்டுப் போனேன். சாப்பாடு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கேய்லின்னு அவங்க ஊர்க் கூட்டாட்டம் ஆரம்பிச்சது. அதுல 'ஸ்ட்ரிப் தி வில்லோ'ன்னு ஒண்ணு, கையைக் கோத்துப் பம்பரமா சுத்தி விடுவாங்க. மூணாவது சுத்துல கில்ட் தொந்திக்குக் கீழே இறங்கிடுச்சு. முட்டியில நிக்க வேண்டிய விளிம்பு கெண்டைக்காலுக்கு வந்துடுச்சு. ஒரு கையால பிடிச்சுக்கிட்டே ஆடி முடிச்சேன். மானம் மயிரிழையில தப்பிச்சது :-)

மறுநாள் ஒரு கடையில கேட்டா, "இது ரொம்ப கனம், பேசாம லேசான அஞ்சு கஜம் வாங்கிக்கோங்க"ன்னுட்டாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. குத்தம் கனத்து மேல இல்லை, அது உட்கார்ற இடத்து மேலதான்.

முழு கில்ட்டுக்கு 8 கஜம் கம்பளித் துணி. கிட்டத்தட்ட 2 கிலோ வரும். பின்னாடி கொசுவம் வீசி ஆடுற அழகே அந்தக் கனத்தாலதான். ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பு மேல போடற உடுப்பும் இல்லை இது. தொப்புள் மட்டத்துல, இடுப்பு சிறுத்த இடத்துல கட்டணும். கொசுவத்தோட மேல்பகுதியை அந்த வளைவுக்கு ஏத்த மாதிரி தச்சிருப்பாங்க. கீழே இடுப்பு அகலமா இருக்கறதால கில்ட் இறங்காது. என் கேஸ்ல சிறுத்த இடமே இல்லை, அங்கே தொந்திதான் இருக்கு. அப்புறம் எங்கே நிக்கும்?

பலரும் பெல்ட்டை இறுக்குவாங்க. நானும் அதைத்தான் செஞ்சேன், சுத்த வேஸ்ட். தைக்காத முழுத்துணியைச் சுத்திக்கட்டின காலத்துல பெல்ட்தான் தாங்குச்சு. கொசுவம் தச்ச கில்ட்டைத் தாங்கறது பக்கவாட்டுல இருக்கற தோல் வாரும் பக்கிளும்தான். பெல்ட் இப்ப வெறும் அலங்காரம்.

அதனால செய்ய வேண்டியது ரெண்டே வேலை. முதல்ல பக்கிளைப் பிரிச்சு நகர்த்தித் தைக்கணும். எனக்கு 2 அங்குலம் தேவைப்பட்டது, ரெண்டு பக்கமும் சம அளவு நகர்த்தினேன். ஒரே பக்கமா நகர்த்தினா முன்பக்கத் துணி கோணிக்கிட்டு நிக்கும். அதுக்கும் மேல வேணும்னா கொசுவத்தைப் பிரிச்சுத் தைக்கிறதுதான் சரி. 27 கொசுவம் இருந்தா ஒவ்வொண்ணுலயும் அரைக்கால் அங்குலம் விட்டாலே 3 அங்குலத்துக்கு மேல கிடைச்சுடும். இதைக் கை பழகின தையல்காரர்கிட்ட விட்டுடுங்க. கத்திரியை மட்டும் எடுத்துடாதீங்க. துணி உள்ளே இருக்கற வரைக்கும் நாளைக்கு இளைச்சாலும் திருப்பித் தச்சுக்கலாம். (நான் இளைக்கிறதாவது! அது வேற கதை.)

ரெண்டாவது, பிரேசஸ்னு சொல்ற தோள் வார். கிளிப் வேண்டாம், கம்பளியைக் கடிச்சு இழுத்துடும். உள்பக்க லைனிங்ல, கேன்வாஸையும் சேர்த்துப் பிடிச்சு பட்டன் தச்சு மாட்டுங்க. 2 கிலோவும் தோளுக்குப் போயிடும். மூச்சு முட்ட இறுக்க வேண்டாம், வயித்துல வார்த்தடமும் விழாது. மேலே வெயிஸ்ட்கோட் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

"கில்ட்டுக்கு பிரேசஸா? அசிங்கம்"னு சொல்ற சுத்தக்காரங்களும் இருக்காங்க. சபையில ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஆடறதை விடவா அசிங்கம்? உடுப்புக்காக உடம்பை நெரிக்கிறது எந்த ஊர்ப் பெருமையும் இல்லை. பத்து வருஷத்துல உடம்பு மாறத்தான் செய்யும். அதுக்கு இடம் கொடுக்கற மாதிரி உள்ளே இவ்வளவு துணியை மடிச்சு வச்சுத் தச்சவங்க புத்திசாலிங்க. அதைத் தூக்கிப்போட்டுட்டு லேசானதுக்கு ஓடறதுதான் எனக்கு அசிங்கமாப் படுது.

நேத்து வீட்டுல மாட்டிக்கிட்டு நாலு சுத்து சுத்திப் பார்த்தேன். இம்மி நகரலை. தலைதான் சுத்துச்சு. உங்க வீட்டு அலமாரியிலயும் இப்படி 'சின்னதாப் போச்சு'ன்னு ஒதுக்கி வச்சது ஏதாவது இருக்கா? பிரிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க மக்களே.