பிஸ்தா பச்சை டு டெரகோட்டா: பழைய வீட்டுக்கு மண் கலர் அடிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

"ஏம்மா, மண் சுவத்துல இருந்து வெளிய வர எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. நீ காசு கொடுத்து மறுபடியும் மண் கலர் அடிக்கச் சொல்றியா?"

அப்பா கேட்ட இந்தக் கேள்விக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்லை. விருதுநகர் பக்கம் 1996-ல் கட்டிய வீடு எங்களோடது. ஹாலுக்கு பிஸ்தா பச்சை, பெட்ரூமுக்கு பிங்க், கிரில்லுக்கு சாக்லேட் பிரவுன் எனாமல், கடப்பா கல் ஷெல்ஃப், கண்ணாடி வைத்த ஷோகேஸ்... உங்க வீடும் கிட்டத்தட்ட இப்படித்தானே இருக்கும்? பெயின்ட் அடிக்கிற பேச்சு வந்தப்போ, போனில் சேவ் பண்ணி வைத்திருந்த ஒரு போட்டோவைக் காட்டினேன். மணல் நிறச் சுவர், செங்கல் நிறத்தில் ஒரு பக்கம், கோரைப்பாய், மஞ்சள் வெளிச்சம். அப்பாவுக்கு அதில் தெரிந்தது அவர் பிறந்து வளர்ந்த மண் வீடு!

சாம்பல் போய் மண் வந்த கதை

இன்டீரியர் ரீல்ஸ் பார்க்கிறவர்களுக்கு இந்த மாற்றம் புதுசில்லை. சில வருடங்களுக்கு முன்னாடி வரை புது ஃபிளாட் என்றாலே சாம்பல் சுவர், வெள்ளை டைல்ஸ், கறுப்பு ஹேண்டில்தான். நிறங்களுக்கு நம்பர் கொடுக்கும் பான்டோன் நிறுவனம் 2021-க்குத் தேர்ந்தெடுத்த இரண்டு நிறங்களில் ஒன்றே சாம்பல்தான். அதே நிறுவனம் 2025-க்குத் தேர்ந்தெடுத்தது 'மோக்கா மூஸ்' என்ற காபி பிரவுன். இங்கே ஏஷியன் பெயின்ட்ஸ் 2024-க்கு அறிவித்த நிறத்தின் பெயரே 'டெர்ரா'. அதாவது, மண்!

'இதெல்லாம் பெயின்ட் விக்கிற டெக்னிக்' என்று நீங்கள் நினைத்தால், பாதி உண்மை. ஆனால், மக்கள் மனசில் ஏற்கெனவே ஓடுவதைத்தான் கம்பெனிகள் பிடிக்கின்றன. லாக்டௌனில் நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தபோது, சாம்பல் சுவர் பலருக்கும் ஆபீஸ் மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஸ்கிரீனிலேயே கழியும் நாளுக்குப் பிறகு, கண்ணுக்கு இதமாக ஏதாவது வேண்டும் என்ற ஏக்கமும் சேர்ந்துகொண்டது. ட்ரெண்டோ வேகமாக ஓடுது பாஸ். 2026-க்கு பான்டோன் தேர்ந்தெடுத்திருப்பது ஒரு வகை வெள்ளை. ட்ரெண்டுக்காக மட்டும் சுவரை மாற்றினால், பெயின்ட் காய்வதற்குள் அது பழசாகிவிடும்.

நம்மகிட்ட இருந்ததுதான்!

மண்ணுக்கு அந்த மஞ்சள், சிவப்பு, பழுப்பைக் கொடுப்பதில் முக்கியப் பங்கு இரும்பு ஆக்சைடுக்கு. சிமென்ட்டோடு அதே சிவப்பு ஆக்சைடைக் கலந்து, தேய்த்து மெருகேற்றியதுதான் நம் பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை. சிவகங்கை மாவட்டத்தின் ஆத்தங்குடி டைல்ஸிலும் ஆக்சைடு நிறங்கள்தான். கண்ணாடி மேல் நிறக்கலவையை ஊற்றி, கையாலேயே செய்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை.

இதையெல்லாம் உடைத்துவிட்டு, 'பளிச்'சென்று விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டதும் நாம்தான். ஏன் போட்டோம்? அப்பாவின் கேள்வியில்தான் அதற்கான பதில் இருக்கிறது. மண் தரை, மழைக்குக் கரையும் சுவர், வாராவாரம் சாணி மெழுகும் வேலை... அந்தத் தலைமுறைக்கு மண் நிறம் என்றால் வறுமையின் நிறம். பிஸ்தா பச்சையும் வெள்ளை டைல்ஸும் 'நாங்களும் மேல வந்துட்டோம்' என்பதற்கான சாட்சி. சிமென்ட் சுவருக்குள்ளேயே பிறந்த நமக்கு மட்டும்தான் மண் 'ஏஸ்தெட்டிக்'. வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பும்போது, பெரியவர்கள் சம்பாதித்த பெருமையை 'பழசு' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடக் கூடாது. என் தப்பு அங்கேதான்.

சுரண்டும் முன் கவனிங்க

நிறத்தைவிட முக்கியமான விஷயம் இது. இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாகக் கதவு, ஜன்னல், கிரில்லில், ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதை உப்புத்தாள் போட்டுக் காய்ந்த நிலையில் தேய்த்தால், தூசி வீடு முழுக்கப் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழைய பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் சுரண்டாமல் மேலேயே அடிக்கலாமா என்று பெயின்டரிடம் கேளுங்கள். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் ஈரம் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள் அந்த நாட்களில் வேறு இடத்தில் இருப்பது நல்லது. வேலை பார்க்கும் அண்ணன்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். தினமும் அந்தத் தூசியைச் சுவாசிப்பது அவர்கள்தான்.

அடுத்தது ஓதம். மொட்டைமாடி கசிவையோ, பாத்ரூம் பைப்பையோ சரி பண்ணாமல் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும், அடுத்த மழைக்கே பொருக்குப் பொருக்காக உரியும்.

வில்லன் பெயின்ட் இல்லை, பல்பு!

'போட்டோல சூப்பரா இருந்துச்சு, வீட்ல அடிச்சா சேறு மாதிரி இருக்கு' என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது லைட்டைத்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் 6,500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி-தான். நீலம் கலந்த அந்த வெளிச்சத்தில் மண் நிறம் செத்துப்போகும். போட்டோவில் இருப்பது 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான மஞ்சள் வெளிச்சம். படிக்க, சமைக்க வெள்ளை லைட் இருக்கட்டும். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் ஒரு மஞ்சள் பல்பு தனியாகப் போட்டுப் பாருங்கள்.

தரையையும் மறந்துடாதீங்க. நீலச் சாயல் உள்ள வெள்ளை டைல்ஸுக்குப் பக்கத்தில் மஞ்சள் கலந்த பீஜ் அடித்தால், சுவர் அழுக்காகத் தெரியும். டப்பா டப்பாவாக வாங்கும் முன், இரண்டு சுவர்களில் இரண்டடிக்கு இரண்டடி சாம்பிள் அடித்து, காலை, மதியம், ராத்திரி என மூன்று வேளையும் பாருங்கள்.

இன்னொன்று, நம்ம ஊர் வெயில். அடர் நிறம் வெப்பத்தை அதிகம் இழுக்கும். எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதைச் சொல்லும் எல்.ஆர்.வி எண்ணை ஷேடு கார்டிலோ, கம்பெனி இணையதளத்திலோ பார்க்கலாம். 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. செங்கல் நிறமும் காபி நிறமும் உள்சுவரில் ஒரு பக்கத்தோடு நிற்கட்டும். மேற்கு பார்த்த வெளிச்சுவருக்கு வெளிர் நிறம், மொட்டைமாடிக்கு வெள்ளை. அதுதான் புத்திசாலித்தனம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரைத் தொடவே வேண்டாம். மஞ்சள் பல்பு, காடாத்துணி கர்ட்டன், ஒரு பத்தமடைப் பாய், இரண்டு மண் தொட்டிச் செடி. காலி பண்ணும்போது மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிடலாம்.

கடைசியில் என்ன ஆச்சு?

ஹாலில் எதையும் உடைக்கவில்லை. 2012-ல் அப்பா ஆசைப்பட்டுப் போட்ட வெள்ளை டைல்ஸ் அப்படியே இருக்கிறது. பிஸ்தா பச்சைக்குப் பதிலாக, டைல்ஸோடு சண்டை போடாத வெளிர் மணல் நிறம். அதுவும் மூன்று சாம்பிள் பார்த்து அப்பாவே கை காட்டியது. ஷோகேஸும் அதே இடத்தில்தான்.

பின்ரூமில் பல வருடமாக விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்தபோதுதான் ஆச்சர்யம். அடியில் ரெட் ஆக்சைடு தரை, மங்கிப்போய், ஆனால் விரிசல் இல்லாமல்! அம்மா பழைய ஞாபகத்தில் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, இரண்டு நாள் யாரையும் உள்ளே விடவில்லை. செலவு அரை லிட்டர் எண்ணெய். இப்போது மதியத் தூக்கத்துக்கு அப்பா தலையணையோடு போவது அந்த ரூமுக்குத்தான்.

கேட்டால், "கலரெல்லாம் ஒண்ணும் இல்ல, தரை குளுகுளுன்னு இருக்கு" என்கிறார். இருக்கட்டும்ப்பா!

உங்க வீட்டு விரிப்புக்கு அடியில் என்ன இருக்குன்னு, பெயின்ட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒருமுறை தூக்கிப் பார்த்துடுங்க.