ஆலோசகருக்குக் கூலி கொடுப்பது யார்?

கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் எங்கள் தெருவில் யார் கைக்குக் கொஞ்சம் பணம் வந்தாலும் கைப்பேசியோடு என் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி காட்டிய செயலி வயது, சம்பளம், கடன் எல்லாம் விசாரித்துவிட்டு, 'உங்களுக்கேற்ற ஆலோசகர்' என்று ஒருவரைக் காட்டியது. சேவை இலவசமாம்.

அப்படியானால் அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? அவர் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தராக இருந்தால், ஃபண்டு நிறுவனம் அவருக்குக் கமிஷன் தருகிறது. நம் பணம் அங்கே இருக்கும்வரை அது தொடரும். 'ரெகுலர்' திட்டத்தின் செலவில் அதுவும் அடக்கம். கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டம் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. இரண்டுக்கும் செலவில் 1 சதவீதம் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 5 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். இதுவா இலவசம்?

கமிஷன் வாங்குவது குற்றமில்லை. அதை மறைப்பதுதான் தவறு. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் நம்மிடம் கட்டணம் வாங்குவார். நமக்கே விற்றுக் கமிஷனும் பெற விதி இடம் தராது. அவர் பதிவு எண் 'ஐஎன்ஏ' என்று தொடங்கும். செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். விநியோகஸ்தருக்கு இருப்பது 'ஏஆர்என்' எண்.

செயலியில் ஆலோசகரின் படத்துக்குக் கீழே, நட்சத்திர மதிப்பீட்டுக்கும் முன்னால், இந்த எண்ணையும் வருமான வழியையும் காட்டுவதைச் செபி கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நாமே கேட்போம். பதில் சொல்லாமல் மழுப்புகிறவரிடம் ஒரு ரூபாயும் ஒப்படைக்க வேண்டாம்.