கம்ப்யூட்டரில் சரி செய்து கொள்ளலாமா?

“எப்படியோ க்ளிக் செய்து வை, வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் சரி செய்து கொள்ளலாம்.” புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நானும் இதை நம்பியவன்தான். பனிமலைக்குப் போய் வந்த பிறகு நம்புவதில்லை.

ஒரு ஜனவரி மாதம் அப்பா, அம்மாவுடன் இமாசலப் பிரதேசத்தில் உள்ள சிஸ்ஸு என்ற ஊருக்குப் போயிருந்தேன். 2020-ல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையை மணாலிப் பக்கமிருந்து தாண்டினால் வரும் ஊர். முதல் நாள் பனி கொட்டிக் கொண்டிருந்தது. கேமராவை ஆட்டோவில் வைத்து எடுத்துத் தள்ளினேன். இரவு லேப்டாப்பில் பார்த்தால் பனி முழுக்க அடுப்புச் சாம்பல் நிறம்!

கேமராவைத் திட்டிப் பயனில்லை. எதிரே இருப்பது நடுத்தர வெளிச்சமுள்ள காட்சி என்றுதான் அதன் மீட்டர் கணக்குப் போடும். எல்லாமே வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். இதற்காகவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் வசதி இருக்கிறது. பனியில் அதை +1 அளவுக்கு ஏற்றினால் வெள்ளை வெள்ளையாக வரும்.

அடுத்த நாள் நல்ல வெயில், காதைக் கிழிக்கும் காற்று. முதல் நாள் கோபத்தில் +2-க்கும் மேலே வைத்துவிட்டேன். யாரும் மிதிக்காத பனியில் அப்பா சின்னப் பையன் மாதிரி நடந்து போனார். முழங்கால் வரை புதையும் காலடிகள் அவர் பின்னால் வரிசையாக விழுந்தன. அவர் வாழ்க்கையில் முதல் பனி. எடுத்தேன்.

படத்தில் அப்பா இருக்கிறார், காலடிகள் இல்லை. வெள்ளைப் பேப்பரில் ஒட்டிய ஸ்டாம்ப் மாதிரி நிற்கிறார். போட்டோஷாப்பில் வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளை சாம்பலானது, அவ்வளவுதான். ஜேபெக் பைலில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 0 முதல் 255 வரைதான் எண்கள். பனி முழுவதும் 255-ல் முட்டிவிட்டால் குழிக்கும் மேட்டுக்கும் வித்தியாசமே பைலில் இருக்காது. இல்லாததை எந்த சாப்ட்வேர் எடுத்துத் தரும்? இப்போதைய ஏஐ சாப்ட்வேர்கள் காலடிகளை வரைந்து கொடுக்கும். அவை எங்கள் அப்பாவின் காலடிகள் அல்லவே!

எனவே, வெயிலில் கேமராத் திரையை நம்பாமல் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக் கொண்டு நின்றால் வெளிச்சத்தைக் குறையுங்கள். ரா பார்மட் இருந்தால் அதில் எடுங்கள். 12 அல்லது 14 பிட் தகவல் இருப்பதால் திருத்த இடம் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிறையும், நிறையட்டும். ஆனால் அதிலும் முழுக்க வெளுத்த இடம் வெளுத்ததுதான்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். கூடுதல் பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துக் கொள்ளும். இரண்டு மணி நேரமாவது பையைத் திறக்கக் கூடாது. படம் பார்க்க அவசரமா? மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக் கொள்ளுங்கள்.