மார்பக அறுவையும் மறைக்கப்படும் உண்மைகளும்

கண்ணகி தன் இடமுலையைத் திருகி மதுரை மீது எறிந்த காட்சியை வகுப்பில் நடத்தும்போது எந்தத் தமிழாசிரியரும் கூசுவதில்லை. அதே ஆசிரியரின் தங்கை மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவையை நாடினாலோ, அச்சொல்கூட அவ்வீட்டில் ஒலிப்பதில்லை. காப்பியத்தில் கனலாகப் போற்றப்படும் உறுப்பு, மருத்துவமனை வாயிலில் மானக்கேடாகி விடுகிறது! இந்தப் போலிக் கூச்சமே பெண்களை எவ்வித ஆயத்தமுமின்றி அறுவை மேசைக்கு அனுப்புகிறது.

"வேண்டாத ஆடம்பரம்; பட்டால்தான் தெரியும்" என்பர் ஒரு சாரார். "சிறு வேலை, அன்றே வீடு திரும்பலாம்" என்பர் விற்கும் சாரார். ஏளனம் செய்பவர் அவள் வாயை அடைக்கின்றனர். விற்பவர் அவள் செவியை அடைக்கின்றனர். இருவரும் சேர்ந்து ஒரே தொழிலைத்தான் செய்கின்றனர்.

இக்கொடுமை புதியதன்று. 1962 இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லிண்ட்சி என்னும் பெண், மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கவே மருத்துவமனைக்குச் சென்றார். ஆறு பிள்ளைகளின் தாய். மருத்துவர்களான குரோனினும் ஜெரோவும் தாம் உருவாக்கிய சிலிக்கோன் பைகளைப் பொருத்திக்கொள்ள இசைவாரா என்று கேட்டனர். அவர் விரும்பியதோ, புடைத்து நின்ற தம் காதுகளைச் சரிசெய்வது! அதையும் செய்து தருவதாகச் சொல்லவே, இசைந்தார். அதற்கு முன் அந்தப் பையைத் தாங்கிப் பார்த்தது எஸ்மரால்டா என்ற ஒரு நாய். உலகின் முதல் சிலிக்கோன் மார்பக அறுவை இவ்வாறுதான் நிகழ்ந்தது. ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்பைகள் அவர் உடலிலேயே இருந்தன. அதைச் சான்றாகக் காட்டி, "வாழ்நாள் முழுதும் நிற்கும்" என்று வாதிடுவோர் உண்டு. ஒருத்திக்கு நின்றது அனைவர்க்கும் நிற்குமா? இவை வாழ்நாள் பொருள்கள் அல்ல என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகமே கூறுகிறது. பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் அடைத்து விற்றது 2010 இல் அம்பலமாயிற்று. அதன் நிறுவனருக்கு 2013 இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல், அரியதொரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையது எனக் கண்டு, சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒருவகைப் பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன.

ஆகவே அறுவைக்கு ஆயத்தமாதல் என்பது பணம் சேர்ப்பதோடு முடிவதன்று. புகைப்பவள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் குருதி நாளங்களைச் சுருக்கிப் புண் ஆறுவதைத் தடுக்கும். ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் குருதிப் பெருக்கைக் கூட்டும். நாட்டு மருந்தாயினும், உண்பதை எல்லாம் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பின்னாளில் தாய்ப்பால் கொடுப்பது பாதிக்கப்படலாம் என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும். மாமியார் அறியாமல் சென்றவள் இவற்றை யாரிடம் கேட்பாள்?

மீளும் நாள்களே கடினமானவை. சில வாரங்களுக்குப் பளுவைத் தூக்கலாகாது. கையைத் தலைக்கு மேல் உயர்த்தலாகாது. மறைத்துச் செய்துகொண்டவளோ மூன்றாம் நாளே குழந்தையைத் தூக்குகிறாள், நீர்க்குடத்தைச் சுமக்கிறாள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே! ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலும், காய்ச்சல் கண்டாலும், தோல் சிவந்தாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் ஓட வேண்டும். அவளோ "உடம்புச் சூடு" என்று சொல்லிப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள். பையைச் சுற்றி வளரும் வடுத்திசு சிலர்க்கு இறுகிக் கல்லாகும். மறு அறுவை வேண்டிவரும். சிலிக்கோன் பை கிழிந்தால் வலியே இல்லாமலும் இருக்கலாம். ஆதலால், முதல் சோதனை ஐந்தாறு ஆண்டுகளிலும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செய்யப்பட வேண்டும் என அந்நிருவாகம் பரிந்துரைக்கிறது. மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்குச் செல்லும்போதும் பை இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கணவனிடமே சொல்லாதவள், எக்ஸ்ரே எடுப்பவரிடம் சொல்வாளா?

கேடுகளை வரிவரியாக எழுதி, நோயாளியிடம் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறும் பட்டியலை அமெரிக்கா வற்புறுத்தியது 2021 இல்தான். லிண்ட்சியின் அறுவைக்குப் பின் 59 ஆண்டுகள்! வடு, கசிவு, கிழிசல், இறுக்கம், மறு அறுவை ஆகியவையே அப்பட்டியலின் சாரம். இவற்றுள் தமிழில் இல்லாத சொல் எது? உடலைப் பற்றிய பாடம் வரும்போது பக்கத்தைப் புரட்டிவிட்டு, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று மாணவியரிடம் சொல்லும் ஆசிரியர், அவர்கள் வீட்டில் அச்சொற்களை யார் சொல்லித் தருவார் என்று எண்ணியதுண்டா?