வினவுதல் ஆங்காரமாகுமா?

நிக்கோபாரின் கட்சால் தீவில், 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி மாந்தரை வாரிக்கொண்டு போன பின்னர், "ஏன் ஆண்டவரே?" என்று கதறியோரின் வினாவையே ஆங்காரமென்றும், வாய்மூடியிருத்தலே சர்வேசுரனுக்குரிய கீழ்ப்படிதலென்றும் சாதிப்போரின் வாதத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன். சாம்பலில் அமர்ந்து வழக்காடிய யோபுவைக் கடவுள் தள்ளிவிடவில்லை. அவனுடைய துன்பத்துக்குப் பாவக்கணக்கு எழுதிய நண்பர்களையே கடிந்துகொண்டார்.

திருச்சபை வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி, தத்துவ போதகர் என்னும் தெ நொபிலி, பூணூலையும் குடுமியையும் அனுமதித்தமைக்காகத் தம் சபையாருள் சிலராலேயே குற்றஞ்சாட்டப்பட்டு, 1619-இல் கோவா விசாரணையிலும் பெரும்பான்மையோரின் எதிர்ப்பைச் சந்தித்தபோது, தம் நியாயங்களை விரிவாக எழுதி வாதாடினாரேயன்றி, மௌனமாகத் தலையசைக்கவுமில்லை, திருச்சபையைவிட்டுப் பிரியவுமில்லை. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அனுமதி அளிக்கும்வரை காத்திருந்தார். (அவர் முறை சாதிவேற்றுமைக்கு இடங்கொடுத்தது என்னும் குறையை நானும் ஒப்புகிறேன், அது வேறு வழக்கு.) வாதாடிய நாவும் காத்திருந்த நெஞ்சமும் ஒருவரிடத்தே இருந்தன என்பதே இங்கு முக்கியம்.

1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையினின்று பெயர்க்கப்பட்டு, கட்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய தமிழருக்குத் துரைமார் கேட்ட பணிவு எத்தகையதென்று தெரியும். அச்சத்தால் விளைந்த அப்பணிவைத் தேவபக்தியென்று அவர்களிடம் மீண்டும் போதிப்பது அநியாயம். இன்ன பாவத்துக்காகவே இன்ன வீட்டில் மரணம் நேர்ந்தது என்று தேவசித்தத்தை அளந்து சொல்பவரிடமே ஆங்காரம் குடிகொண்டிருக்கிறது. துக்க வீடுகளுக்குச் செல்லும் உபதேசியார்கள், வினவுதலே ஆங்காரமென்னும் வாதத்தை இனியேனும் கைவிடவேண்டும்.