துவக்கின் பழுதும் உற்பத்தியாளரின் உத்தரவாதமும்

கமக்காரனுக்குத் துவக்கு ஆடம்பரப் பொருளன்று. மண்வெட்டியும் மருந்து தெளிகருவியும் போல அதுவும் ஒரு தொழிற் கருவியே. கதிர் முற்றிய வயலிற் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு புகுந்தால் ஒரு போகத்தின் உழைப்பு அழிந்துபோகும். ஆயினும், மண்வெட்டி பழுதுற்றால் வேலை மாத்திரமே தடைப்படும். துவக்குப் பழுதுற்றால் கண்ணும் கையும் உயிருமே போகக்கூடும். ஆகவே, பழுதுற்ற துவக்குப் பற்றி முறைப்பாடு வரும்போது அதனைச் செய்த நிறுவனம் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பது கமக்காரர் அனைவரும் கருத்திற் கொள்ளவேண்டிய விடயமாகும். பழுதடைந்த ஒன்றைத் திருத்திக் கொடுத்தவுடன் உற்பத்தியாளரின் கடமை முடிந்துவிடுவதில்லை. அதே வகைத் துவக்கை வைத்திருப்போர் யாவரையும் எச்சரிப்பதும் அக்கடமையின் பாற்பட்டதே.

இதற்கு அமெரிக்காவின் றெமிங்டன் நிறுவனத்தின் வரலாறு தக்க சான்றாகும். அந்நிறுவனம் 1962 ஆம் ஆண்டில் 700 என்னும் இலக்கமுடைய வேட்டைத் துவக்கை வெளியிட்டது. அதன் விசையமைப்பு 1940 களிலேயே உருவாக்கப்பட்டது. அதனை அமைத்த பொறியியலாளர் மைக் வோக்கர் என்பவரே, 1948 ஆம் ஆண்டில், மேலும் பாதுகாப்பான ஒரு திருத்தத்தை நிறுவனத்துக்கு எடுத்துக் கூறினார். அதற்கான மேலதிகச் செலவு துவக்கொன்றுக்கு ஐந்தரைச் சதம் மாத்திரமே. அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. விசையைத் தொடாமலே துவக்கு வெடிக்கின்றது என்னும் முறைப்பாடுகள் பல்லாண்டுகளாக வந்தன. 2000 ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்தில், தோட்டாவை அகற்றுவதற்காகக் காப்புப் பூட்டு விடுவிக்கப்பட்டபோது இவ்வகைத் துவக்கொன்று வெடித்து, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். துவக்கிற் குறையில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாயிருந்தது.

இறுதியில், ஏறத்தாழ 75 இலட்சம் துவக்குகள் தொடர்பான வழக்கில் ஏற்பட்ட இணக்கத்தை 2017 ஆம் ஆண்டில் நீதிமன்றம் அங்கீகரித்தது. பெரும்பாலானவற்றுக்கு விசையமைப்பை இலவசமாக மாற்றிக் கொடுக்க நிறுவனம் உடன்பட்டது. எனினும், அவ்வேளையில் விண்ணப்பித்திருந்தோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. துவக்கு யார் கையில் உள்ளது என்பது விற்றவர்களுக்கே தெரியாத நாட்டில், காலந்தாழ்த்தி வரும் அறிவித்தல் உரியவரைச் சென்றடைவது அரிது.

அந்நிறுவனமே வேறொரு முறை நடந்துகொண்ட விதம் இதற்கு மாறானது. 2006 மே முதல் 2014 ஏப்பிரில் வரை செய்யப்பட்ட, புதிய விசையமைப்புடைய துவக்குகளிற் சிலவற்றில், பொருத்தும்போது இடப்பட்ட ஒட்டுப்பசை மிகுதியாயிருந்தமை கண்டறியப்பட்டது. உடனே, அவற்றைப் பாவிக்கவேண்டாமென 2014 இல் அறிவித்து, தன் செலவிலேயே அவற்றை வரவழைத்துச் சுத்திகரித்துக் கொடுக்க அது முன்வந்தது. உத்தரவாதம் என்பதன் உண்மைப் பொருள் இதுவே.

உற்பத்தியாளர் பக்கத்திலும் நியாயமுண்டு. வெடித்துச் சிதறும் துவக்குகள் யாவும் பிழையாகச் செய்யப்பட்டவையல்ல. வரம்பில் ஊன்றிய துவக்கின் குழலிற் சேறு புகுந்திருந்தால், அடுத்த வெடியிற் குழல் பிளக்கலாம். 20 ஆம் இலக்கத் தோட்டாவைத் தவறுதலாக 12 ஆம் இலக்கத் துவக்கில் இட்டால், அது தோட்டா அறையைக் கடந்து குழலினுட் சிக்கிக்கொள்ளும். அதன்பின் 12 ஆம் இலக்கத் தோட்டாவையும் இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 ஆம் இலக்கத் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் ஏற்பட்டது இதனாலேயே. மீள நிரப்பிய தோட்டாவால் நேர்ந்த சேதத்தையும், பிறர் கைவைத்து மாற்றிய துவக்கையும் உத்தரவாதப் பத்திரங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. பழுதுக்குக் காரணம் யாது என்பதைச் சான்று கொண்டே நிறுவவேண்டியிருத்தலால், கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நன்று.

1. விசையை இழுத்தும் வெடிக்காவிடின், குழலை ஆளில்லாத் திசையிலேயே வைத்து ஒரு நிமிடமாவது பொறுத்திருத்தல் வேண்டும். தோட்டா தாமதித்து வெடித்தலும் உண்டு.

2. தானே வெடித்த, அல்லது குழல் வீங்கிய துவக்கை மறுபடி சோதித்துப் பார்த்தல் ஆகாது. தோட்டாவை அகற்றி, துவக்கைப் பூட்டி வைத்தல் வேண்டும்.

3. ஊர்க் கொல்லரிடம் கொடுத்துத் திருத்துதல் கூடாது. அதனால் உயிருக்கு ஆபத்து; சான்றும் அழிந்துபோகும்.

4. வெற்றுத் தோட்டா, எஞ்சிய தோட்டாக்கள், அவை இருந்த பெட்டி, பற்றுச்சீட்டு, உத்தரவாதப் பத்திரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தல் வேண்டும்.

5. முறைப்பாட்டை வாய்ச்சொல்லாகவன்றி, துவக்கின் இலக்கத்தையும் நிகழ்ந்த திகதியையும் குறித்து, விற்றவருக்கு எழுத்தில் அனுப்பிப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளல் வேண்டும்.

விற்றவர் பாராமுகமாயிருப்பின் வழி அடைபட்டுவிடுவதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் விற்கப்பட்டமை குறித்து அதிகாரசபைக்கு முறையிடலாம். விற்பனை நடந்த மூன்று மாதங்களுள் அதனை எழுத்தில் அனுப்புதல் வேண்டும். ஆதலால் புதிய துவக்கை வாங்கியவர், பன்றி வரும் காலம் வரை அதனைப் பெட்டியில் வைத்திராது, தக்க இடத்தில் முன்கூட்டியே சோதித்துப் பார்த்தல் உசிதம்.

அமெரிக்கருக்கு இல்லாத வசதியொன்று இலங்கையில் உண்டு. இங்கு ஒவ்வொரு துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் உண்டு. அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. எவ்வகைத் துவக்கு எவரிடம் உள்ளது என்பது பதிவிலிருக்கின்றது. ஒரு வகைத் துவக்கிற் குறை காணப்படின், இறக்குமதி செய்தோர் அதனை அதிகாரிகளுக்கு அறிவிப்பாராயின், அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும் வேளையிலேயே உரியவர் ஒவ்வொருவரையும் எச்சரித்தல் இயலும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. குறையை மறையாது வெளியிடும் மனமே வேண்டும்.

ஒரு கமக்காரர் எழுதும் முறைப்பாடு அவருடைய நட்டத்தை ஈடு செய்வதற்கு மாத்திரம் உரியதன்று. அதே துவக்கைத் தோளிற் சுமந்து அயற்கிராமத்து வயலிற் காவலிருக்கும் இன்னொருவரின் உயிரையும் அது காக்கக்கூடும். விலை கொடுத்து வாங்கியவர் அதனை எழுதத் தயங்கலாகாது. விலை பெற்று விற்றவர் அதனைக் கேட்க மறுக்கலாகாது.