அரிதட்டில் நிற்பது யார்?

வருசக் கடைசியில் பேப்பரைத் திறந்தால் பிரதேச சபை, பிரதேச செயலகம் எண்டு வரிசையாக ஒரே மாதிரி விளம்பரம் கிடக்கும்: அடுத்த ஆண்டுக்கான வழங்குநர்களைப் பதிவு செய்தல். எங்கட வயதுக்காரர் அதைத் தாண்டிப் போய்விடுவோம். ஆனால் காகிதாதிகள், அச்சு வேலை, கணினித் திருத்தம் மாதிரிச் சின்னக் கொள்வனவுகளுக்குப் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடம்தான் விலை கேட்பார்கள். பெயர் இல்லையெண்டால் உங்கட விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைப் பார்க்க ஆளில்லை.

அரிக்க வேண்டாம் எண்டு சொல்லவில்லை. பொதுப்பணம், அரிக்கத்தான் வேணும். எதை அரிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கட்டட வேலையில் ஓரளவு ஒழுங்கு இருக்கிறது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை ஒப்பந்தகாரரைத் தரம் பிரிக்கிறது. சின்ன ஆள் சீ9 இல் தொடங்கலாம். தரத்துக்குத் தக்கபடி எடுக்கக்கூடிய வேலையின் பெறுமதிக்கு எல்லை உண்டு. 50 இலட்சத்துக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தமெண்டால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி தனியாகப் பதியவும் வேணும். அதாவது, வேலை பெருக்கப் பெருக்கத்தான் சோதனையும் இறுகுகிறது.

இந்த ஏணி சாமான் வழங்குவதில் ஏன் இல்லை? போன வருசம் அச்சகம் தொடங்கிய பிள்ளையிடம் ஐந்நூறு துண்டுப்பிரசுரத்துக்கு முன் அனுபவக் கடிதம் கேட்டால் அவள் எங்கே போவாள்? வேலை தந்தால்தானே அனுபவம். இப்படியான இடத்தில் வியாபாரப் பதிவும், அச்சடித்த ஒரு மாதிரியும் போதும். சரிவராவிட்டால் அடுத்த முறை கூப்பிடாதேயுங்கோ.

இறுக்க வேண்டிய இடம் வேறை. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து அரச வைத்தியசாலைகளுக்குள் வந்த விவகாரத்தில் போலி ஆவணங்கள் கொடுக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு; முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். ஆனால் குற்றச்சாட்டு சரியெண்டால், அங்கே கடதாசிக்குப் பஞ்சம் இருந்திருக்காது. கடதாசியைத் தந்ததாகச் சொல்லப்பட்ட நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, “இது உங்களுடையதுதானா?” எண்டு கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது.

கார்த்திகை, மார்கழியில் விளம்பரம் வரும்போது உங்கட பிரதேச சபையிடம் இரண்டு விசயம் கேளுங்கோ: போன வருசம் எத்தனை பேரை நிராகரித்தீர்கள், என்ன காரணத்துக்காக? தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து கையில் இருக்கிறது.